தங்கம் என்று நான் சொல்லவில்லை

கடிகாரம் விற்கிறவனுக்குச் சொந்தமாகக் கடிகாரம் இருக்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. பெங்களூர் தண்டில், அதாவது கண்டோன்மென்டில், சவுத் பரேட் தெருவில் இருந்த ஒரு பெரிய கடையில் நான் ஏழு வருஷம் கைக்கடிகாரம் விற்றேன். காலையில் கடைக்குள் நுழைந்ததும் முதலாளி ஒரு தங்கக் கடிகாரத்தை எடுத்து என் மணிக்கட்டில் கட்டிவிடுவார். வெறுங்கையோடு நிற்கிற ஆளிடம் யார் கடிகாரம் வாங்குவார்கள் என்பது அவர் கேள்வி. சாயங்காலம் கதவு சாத்துகிறபோது அதைக் கழற்றி வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். நான் அல்சூரில் இருந்த என் வீட்டுக்கு நடந்து போகிற வழியில், எதிரே வருகிறவர்களிடம் மணி கேட்டுக்கொண்டே போவேன். ஒரு நாள் அப்படிக் கேட்டது, மத்தியானம் நானே கடிகாரம் விற்ற ஒரு மனிதரிடம். அவர் பெருமையாக முழங்கையை மடக்கிப் பார்த்து மணி சொன்னார். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

அந்த வேலை எனக்குக் கிடைத்தது மூளையால் அல்ல, கோட்டால். ஒரு துரை ஊருக்குப் போகும்போது ஏலத்தில் விட்டுப்போன கோட்டு எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. தமிழ் வீட்டில் பேசுவது, கன்னடம் தெருவில் வந்தது, உருது மார்க்கெட்டில் ஒட்டிக்கொண்டது, இங்கிலீஷ் கோட்டோடு சேர்ந்து வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்துக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரியாது. முதல் மாதம் ஒரு மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஏதேதோ சுற்றிக்கொண்டிருந்தது. மரியாதையாக மூடிவிட்டேன்.

நல்ல வியாபாரி யார், கெட்ட வியாபாரி யார் என்று அந்தக் காலத்தில் என்னைக் கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பேன். நல்லவன் என்றால் நான். கடிகாரத்தைக் கண்ணாடி மேல் வைத்துத் தள்ளமாட்டேன். வெல்வெட்டுத் துணியை விரித்து, இரண்டு விரலால் எடுத்து, வந்தவரின் கையிலேயே கட்டிவிட்டு, வேறு ஏதோ தேடுகிறவன்போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன். தன் கையைத் தானே பார்த்து மயங்குகிற மனிதனை இன்னொருவன் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்தக் கூச்சத்தில் கழற்றிக் கொடுத்துவிடுவான். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கண்ணாடி பார்த்தே பாதி நாளைக் கழித்தவன் நான்.

கடையில் முழுத் தங்கக் கடிகாரங்களும் இருந்தன, ரோல்டு கோல்டும் இருந்தன. ரோல்டு கோல்டு என்றால் பித்தளைக் கூட்டுக்கு மேலே தங்கத் தகடு போர்த்தியது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தட்டானே உரைகல்லைத் தேடுவார். பின்மூடியைக் கத்தி முனையால் நெம்பித் திறந்தால், உள்பக்கத்தில் இன்ன தகடு, இருபது வருஷம் தேயாது என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் குத்தியிருக்கும். ஆனால் வாங்க வருகிறவர்கள் மூடியைத் திறக்கச் சொல்வதில்லை. கல்யாணப் பெண்ணின் பல்லை எண்ணிப் பார்ப்பதுபோல் அது ஒரு அநாகரிகம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி நினைக்க வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

இந்த ரோல்டு கோல்டு விஷயத்தில் முதலாளி ஒரு சட்டம் வைத்திருந்தார். அதைத் தங்கம் என்று நாம் சொல்லக் கூடாது. சொன்னால் பொய். வாங்குகிறவர் தானாகத் தங்கம் என்று சொன்னால் நாம் திருத்தவும் கூடாது. திருத்தினால் கடையை மூட வேண்டும். நடுவில் என்ன பேசுவது? அதற்குத்தான் கற்கள் இருந்தன. உள்ளே பதினைந்து சின்னஞ்சிறு கற்களின் மேல் சக்கரங்கள் சுற்றுகின்றன என்று எங்களுக்கு மனப்பாடம். கேள்வி தங்கத்தைப் பற்றி வந்தால் பதில் கல்லைப் பற்றிப் போகும். இதில் கடையிலேயே நான்தான் கெட்டிக்காரன். என் வீட்டுக்காரி மளிகைக் கணக்குக் கேட்டால்கூட நான் வானிலை பற்றிப் பேசிப் பழகியிருந்தேன்.

யுத்தத்துக்குச் சில வருஷம் முன்பு ஒரு சனிக்கிழமை, தண்டிலேயே சூளைப் பக்கத்திலிருந்து ஒரு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கடைக்கு வந்தார். ஒல்லியான மனிதர். விரல் நுனிகளில் டிங்சரின் பழுப்பு ஏறியிருந்தது. பெண்ணுக்கு ரயில்வேயில் குமாஸ்தா மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தங்க ரிஸ்ட் வாட்ச் போட வேண்டும் என்பது பிள்ளை வீட்டாரின் பேச்சு. அன்றைக்கு வெறுமனே பார்த்துவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமையும் வந்து பார்த்தார். மூன்றாவது சனிக்கிழமை, நாலு மாதச் சம்பளத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தார்.

முழுத் தங்கத்தின் விலையைக் கேட்டதும் கையை இழுத்துக்கொண்டார். நான் வெல்வெட்டின் மறு ஓரத்திலிருந்து ரோல்டு கோல்டு ஒன்றை எடுத்து அவர் கையில் கட்டினேன். சதுர முகம், கறுப்பு எண்கள், அழகான சாமான். விலை அவருடைய முடிச்சுக்குச் சரியாக இருந்தது.

"இதுவும் தங்கந்தானே சார்?" என்றார்.

"உள்ளே பதினஞ்சு கல்லு ஓடுதுங்க. காதுல வச்சுக் கேளுங்க" என்றேன்.

அவர் கேட்டார். மருந்துச் சீசாவைக் குலுக்கி வெளிச்சத்தில் பார்ப்பதுபோல் ஒரு கவனம் முகத்தில் வந்தது. பிறகு, "தங்கம் தங்கந்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் டப்பாவைச் சுற்றக் காகிதம் எடுத்தேன். தலையைக்கூட ஆட்டவில்லை. அந்த ஆட்டாத தலையைப் பற்றிப் பிற்பாடு எனக்கு நானே பலமுறை எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தலை மட்டும் நம்பவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில், சரிகைத் தலைப்பாகையும் தடித்த மீசையுமாக ஒருவர் வந்து, மடியிலிருந்து அதே டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன். பட்டாளத்துக் குதிரைகளுக்குப் புல் சப்ளை செய்கிற கான்ட்ராக்டர்.

"ஏம்ப்பா, இது உங்க கடைச் சரக்குதானே?"

ஆமாம் என்றேன். மறுக்க முடியாது, டப்பாவின் மேல் கடைப் பேர் இருந்தது.

"நான் புல்லுக்கட்டைக் கையில தூக்கினாலே ராத்தல் சொல்லிடுவேன். இது தங்கத்து கனம் இல்லே. நிச்சயத்துல அத்தனை ஜனத்துக்கு முன்னாலே தங்க ரிஸ்ட் வாட்ச்னு பட்டியல் படிச்சுட்டு, என் அக்கா மவன் கையில எதைக் கட்டியிருக்கான் அந்தக் கம்பவுண்டரு? நீ சொல்லு."

தட்டானிடம் போகலாமே என்று மெதுவாக யோசனை சொன்னேன். அவர் அதையும் யோசித்திருந்தார். உரைத்தால் கீறல் விழும், சந்தேகப்பட்டது ஊருக்கே தெரிந்துபோகும். விற்றவன் வாயாலேயே கேட்டுவிடுவதுதான் மரியாதை என்றார். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. நிச்சயத்தில் வாசித்த பட்டியலை, மாப்பிள்ளை அழைப்பன்று சாமான்களை முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு மறுபடி வாசிப்பது அவர்கள் வழக்கம். இது தங்கம் இல்லை என்றால் அந்தப் பட்டியல் வாசிக்கிற பேச்சுக்கே இடமில்லை, பொய் சொல்கிற குடும்பத்தில் பெண் எடுக்க முடியாது என்று சாதாரணமாகச் சொன்னார். நாளைய புல்லுக்கு விலை சொல்கிற தொனி.

ஏழு வருஷத் தொழிலில் என்னிடம் வந்த கேள்விகளில் அதுதான் நேரானது. கல்லைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். அவர் மீசையைப் பார்த்ததும் கல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. மூடி திறக்கிற ஆள் இன்று லீவு, நாளைக்குப் பதினோரு மணிக்கு வாருங்கள் என்றேன். மூடி திறக்கிற ஆள் நான்தான். என்னை நானே லீவில் அனுப்பிக்கொண்டது அன்று ஒருநாள்தான்.

"சரி, அந்தக் கம்பவுண்டரையும் கையோட இட்டுகிட்டு வரேன். அவன் மூஞ்சிக்கு நேரா நீ சொல்லு" என்று டப்பாவை மடியில் செருகிக்கொண்டு போனார்.

முதலாளி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருக்குக் கவலை எதுவும் இல்லை. பில்லில் 'ஸ்விஸ் கைக்கடிகாரம் ஒன்று' என்றுதான் இருக்கிறது, தங்கம் என்று கடை எங்கேயும் எழுதவில்லை, நீயும் சொல்லவில்லை, நாளைக்கும் சொல்லாதே. மூடியைத் திறந்து காட்டு, எழுத்தை அவர்களே படித்துக்கொள்ளட்டும் என்றார். ரொம்ப நியாயமாகத்தான் இருந்தது. அந்த நியாயத்தில் ஒரே ஒரு சின்ன ஓட்டை. எழுத்தைப் படித்ததும் கான்ட்ராக்டர் கம்பவுண்டரைத்தான் பார்ப்பார், என்னைப் பார்க்கமாட்டார். நான் சொல்லாமல் விட்டது அந்த மனிதரின் வாயில் பொய்யாக ஏறி, சபையில் ஒலித்தும்விட்டது. நான் சுத்தமாக இருந்தேன். நான் மட்டும்.

பல்வலி என்று சொல்லி நாலு மணிக்கே கிளம்பினேன். முதலாளி மறக்காமல் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு முன்னால் நீளமாக வரிசை நின்றது. எல்லார் கையிலும் கழுவிய காலிப் பாட்டில். நானும் நின்றேன். என் முறை வந்ததும் கம்பவுண்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பாட்டில் எங்கே?" என்றார். இல்லை என்றேன். திட்டுவதற்காக நிமிர்ந்தவர் முகம் மலர்ந்துவிட்டது. வாட்ச் கடை சாரா, உங்களுக்கு எதற்கு வரிசை, உள்ளே வாருங்கள் என்று பக்கக் கதவைத் திறந்தார். வயிறா என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். நான் பதில் சொல்வதற்குள் அவுன்ஸ் கிளாஸில் ஏதோ கலந்து நீட்டிவிட்டார். குடித்துவிட்டேன். வாய் திறந்து உண்மை சொல்லப் போன இடத்தில், முதலில் திறந்தது கசாயத்துக்கு.

பிறகு சொன்னேன். அது ரோல்டு கோல்டு என்றும், நீங்கள் கேட்டபோது நான் பேச்சை மாற்றினேன் என்றும், நாளைக்குப் பதினோரு மணிக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் உங்களைக் கடைக்கு இழுத்து வரப்போகிறார் என்றும் சொன்னேன்.

 அவர் பசைக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, சிவப்புச் சீட்டு ஒன்றை ஒரு சீசாவில் ஒட்டினார். ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து அமுக்கினார். வெளியே வரிசை முணுமுணுத்தது.

"இது பூச்சு மருந்து. குடிச்சா ஆள் போயிடுவான்" என்றார். "யாரும் என்கிட்ட இது விஷமான்னு கேக்கறதில்லே சார். கேக்காமலே நான் சீட்டு ஒட்டணும். நான் கேட்டேனே உங்களை."

நான் காலி அவுன்ஸ் கிளாஸை மேஜை மேல் வைத்தேன்.

நாளைக்கு நான் என்ன சொன்னால் உங்களுக்கு நல்லது என்று கேட்டேன். தங்கம் என்றே அடித்துச் சொல்லிவிடட்டுமா, மூடியைத் திறக்காமல் சமாளிக்கப் பார்க்கிறேன் என்றும் சொன்னேன். என்ன தாராள மனசு பாருங்கள்: ஒரு உண்மையைச் சொல்லாமல் விட்டதற்குப் பரிகாரமாக ஒரு பொய்யைச் சொல்லித் தருகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இப்போது என்னிடம் சொன்னதை அப்படியே அவரிடமும் சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்றார். பிறகு ஜன்னலை விட்டு வெளியே எட்டி, அடுத்த பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பதினோரு மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். கான்ட்ராக்டர் முன்னால், கம்பவுண்டர் நாலடி பின்னால். வெல்வெட்டை விரித்தேன்.  மூடியை நெம்பி, குத்தியிருந்த எழுத்தை வாசித்து, தமிழிலும் சொன்னேன். கான்ட்ராக்டர் மெதுவாகத் திரும்பிக் கம்பவுண்டரைப் பார்த்தார். நான் எதிர்பார்த்த அதே பார்வை.

"அவரைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க" என்றேன். "தங்கந்தானேன்னு அவர் கேட்டாரு. இல்லேன்னு நான் சொல்லலே. தெரிஞ்சேதான் சொல்லலே. அவர் சபையில சொன்னது என் பொய்."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

கான்ட்ராக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோட்டை மட்டும் இரண்டு தடவை பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். ஏமாற்றுகிற சம்பந்தி என்றால்தான் யோசனை, ஏமாறுகிற சம்பந்தி கிடைக்கப் புண்ணியம் பண்ணியிருக்க வேண்டும் என்றார். கம்பவுண்டரின் தோளில் கை போட்டார். அவ்வளவுதான், கல்யாணம் நின்றுவிடவில்லை.  இந்த இடத்தில் கதையை நிறுத்தியிருந்தால் நான் ஒரு மகான்.

ஆனால் கான்ட்ராக்டர் குரலைத் தாழ்த்தி, "இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும். பட்டியல்ல தங்கம்னே இருக்கட்டும் சம்பந்தி. ரோல்டு கோல்டுன்னு வெளியே தெரிஞ்சா எங்களுக்குல்ல அசிங்கம்" என்றார்.

முந்தின நாள் தங்கத்தைத் தேடி வந்த அதே மனிதர். எங்கள் முதலாளியின் சட்டம் முதலாளியுடையது மட்டும் அல்ல என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. விற்கிறவன் பாதியை விழுங்குகிறான். வாங்கினவன் மீதியை விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொள்கிறான். இத்தனை வருஷம் ஒருவர்கூடத் திரும்பி வந்து என் சட்டையைப் பிடிக்கவில்லையே என்று நான் பெருமைப்பட்டிருந்தேன். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் தனியாக மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மூடியிருப்பார்களோ.

கம்பவுண்டர் அசையவில்லை. சபையில் வாசித்ததைச் சபையில்தான் திருத்த வேண்டும், கல்யாணம் நின்றாலும் சரி என்றார்.  சொன்னதை மாற்றவில்லை.

அதற்குள் முதலாளி வெளியே வந்து, புன்னகையோடு, சிப்பந்தியின் கவனக்குறைவு என்று என்னைக் காட்டி மன்னிப்புக் கேட்டார். மேலே கொஞ்சம் போட்டுக் கொடுத்தால் முழுத் தங்கத்துக்கே மாற்றித் தருவதாகவும் சொன்னார். இந்த நிலைமையிலும் ஒரு விற்பனை! அவரை மெச்சாமல் இருக்க முடியவில்லை. கம்பவுண்டர் வேண்டாம் என்றார். இதே இருக்கட்டும், பில்லை மட்டும் உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுங்கள் என்றார். நான் எழுதினேன். அவர் வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, என்னிடம் நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். கல்யாணத்துக்கு வரச் சொன்னார். அழைப்பு மாதிரியும் இருந்தது, சம்மன் மாதிரியும் இருந்தது.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதைவிட மோசம், அலாரம் கடிகாரப் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே வருகிறவர்கள் யாரும் தங்கமா என்று கேட்பதில்லை. அடிக்குமா என்று மட்டும்தான் கேட்பார்கள். அடிக்கும் என்று நான் சொல்லுவேன், அதுவும் அடிக்கும்.

மாப்பிள்ளை அழைப்பன்று சாயங்காலம் சூளையில் கம்பவுண்டர் வீட்டுப் பந்தலுக்குப் போனேன். கடைசி வரிசையில், தூணை ஒட்டி, ஓடுவதற்கு வசதியாக உட்கார்ந்தேன். ஜமக்காளத்தில் சாமான்கள் பரப்பியிருந்தன. மாப்பிள்ளை மாலையோடு உட்கார்ந்திருந்தார். கையில் அந்தக் கடிகாரம் பளபளத்தது. பக்கத்தில் கான்ட்ராக்டர் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். கம்பவுண்டர் எழுந்து நின்று பட்டியலைப் படித்தார். புடவை, பட்டு வேஷ்டி, பித்தளைக் குடம் எல்லாம் வந்தன. அப்புறம் கொஞ்சம் நிறுத்தினார்.

"ரோல்டு கோல்டு ரிஸ்ட் வாட்ச் ஒண்ணு. நிச்சயத்துல தங்கம்னு படிச்சேன். அது தப்பு. இதுதான் சரி."

 பெண்கள் பக்கம் ஒருத்தி இன்னொருத்தியின் காதில் குனிந்தாள். கான்ட்ராக்டர் ஜமக்காளத்தைப் பார்த்தார். நான் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டேன். என் கோட்டின் நிறம் தூணின் நிறமாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். 

மாப்பிள்ளை கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறே கால் ஆயிடுச்சு மாமா. மேல படிங்க" என்றார்.

முன்வரிசையில் யாரோ விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது. அது கம்பவுண்டருடையதாகவும் இருக்கலாம். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வெள்ளிக் குத்துவிளக்கு ரெண்டு" என்று படித்தார்.

"வெள்ளிதானே?" என்றார் கான்ட்ராக்டர்.

பந்தல் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளை சிரித்தார், நானும் சிரித்தேன். கம்பவுண்டர் சிரிக்கவில்லை. உள்பக்கம் திரும்பி, விளக்கு வாங்கின பில்லை எடுத்துவரச் சொன்னார்.